பதினாறு குன்றிமணி

பதினாறாம் நாள் காலையில் பத்தொன்பது பேரும் மிதந்து வந்தார்கள். குருவன்பாறைக் கல்லுக்குழியில் நூற்றறுபது அடி ஆழத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மேல் பாறை சரிந்து, இடுக்கிலிருந்து ஊற்று பீறிட்டு முக்கால் குழி நிறைந்து, அரசாங்கம் பன்னிரண்டு நாள் மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்துவிட்டு இனி ஆகாது என்று மோட்டாரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்ட பிறகு, எதை வைத்துக் கருமாதி செய்வது என்று தெரியாமல் நாங்கள் குழியின் விளிம்பில் கையில் சோற்று உருண்டையோடு நின்றுகொண்டிருந்த நேரத்தில், பச்சைத் தண்ணீரின் மேல் ஒவ்வொன்றாக, எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் எழும்புவதுபோல, கருங்கல் தட்டுகள் எழும்பி வந்தன. வட்டமான தட்டுகள், தோசைக்கல் அகலம், நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. கல் மிதக்குமா என்று யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது என்று எண்ணி முடித்ததும், அவரவர் வீட்டு ஆள் வந்துவிட்டார் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

எது யார் என்று தெரியவில்லை. அதனால் வரிசையில் நின்ற வீட்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு போனோம். சிலர் அரிசிப் பானைக்குள் வைத்தார்கள், சிலர் கட்டிலில் தலையணை போட்டுக் கிடத்தினார்கள், பத்தொன்பது வயது மகனைப் பறிகொடுத்த சண்முகக்கனி மட்டும் தட்டை அவன் கைலியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் போனாள். தலையாரி வந்து "வட்டக் கல், பத்தொன்பது" என்று எழுதிக்கொண்டு போனார். மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் மைக்செட் எபனேசர் டீக்கடை வாசலில் ஒரு தட்டை வாங்கி வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தான். மயிரிழையை விடச் சன்னமான ஒரு கோடு, விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இது ரெக்கார்டுல்லா," என்றான்.

எபனேசருக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டுவான், எல்லாம் கேசட்தான். பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று கடைக்குள் கிடந்தது என்றால் அது பாசத்தால் அல்ல, தூக்கிப் போடச் சோம்பல். அதைத் துடைத்து, முள்ளின் தலைமேல் பழைய வழக்கப்படி ஓர் எட்டணாவை வைத்து, முள்ளை இறக்கினான். அந்தக் காலத்தில் குண்டும் குழியுமான ரோட்டோரத்தில் பாட்டுப் போடும்போது முள் துள்ளாமல் இருக்க மைக்செட்காரர்கள் எல்லோரும் வைக்கிற காசுதான் அது.

"ஏலே, விடிஞ்சிட்டு, எந்திரிங்கலே," என்றது தட்டு.

கொம்பையாவின் குரல். அவனுக்கு வீடு இல்லை, பெண்டாட்டி இல்லை, டீக்கடைப் பின்புறம் படுத்துக்கிடந்தவன். அன்று விடிந்ததிலிருந்து அவன் பேசியதெல்லாம் அதில் இருந்தது, அவன் பேசியது மட்டும். எதிரே நின்றவர் சொன்னது இல்லை, கம்ப்ரசர் இரைச்சல் இல்லை, சும்மா இருந்த நேரமும் இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விடுகிற இடைவெளி மட்டும். இருபது நிமிஷம் ஓடி, உள்வட்டத்தில் கடைசி ஒரு விரற்கடை இருக்கும்போது அவன் "ஏ, மேல பாருங்கலே" என்று கத்தினான். அதற்குப் பிறகு வந்த சத்தத்தை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அன்றே ஊர் முடிவு செய்தது, யார் தட்டானாலும் கடைசி ஒரு விரற்கடையை ஓட்டக் கூடாது என்று.

கொம்பையாவைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். இரண்டாம் தடவை குரல் மெலிந்தது, மூன்றாம் தடவை வெறும் சீறல். எட்டணாவின் கனத்தில் முள் கோட்டை உழுது எடுத்துவிட்டது. பாறை ஒரு முறை, நாங்கள் ஒரு முறை, ஆக அவன் இரண்டு முறை செத்தான். யாரும் அழவில்லை. அவனுக்கு யாருமில்லை என்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று, சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்ததே.

எபனேசர் மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிளேயர் வந்த அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்த காகிதத்தைத் தேடி எடுத்தான். முள்ளின் பாரம் இரண்டு கிராம் என்று அதில் போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நகை வேலை செய்யும் உலகநாத ஆசாரியிடம் போனான். ஆசாரி தன் சின்னத் தராசைத் தூக்கி வந்து, ரெக்கார்டு சுற்றுகிற உயரத்துக்கே தராசின் ஒரு பக்கத்துத் தட்டை நிறுத்தி, அதில் ரெக்கார்டு முள்ளை உட்காரவைத்து, மறுபக்கத்தில் ஒவ்வொன்றாகக் குன்றிமணி போட்டார். முள்ளைத் தாங்கும் கையின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டை எபனேசர் முன்னும் பின்னும் திருகத் திருக, பதினாறாவது குன்றிமணியில் தராசு முள் நட்டுக்கு நின்றது.

"முள்ள வச்சு முள்ள நிறுத்தாச்சு," என்றார் ஆசாரி. "பதினாறு. ஒண்ணு கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதத்தை, குருவன்பாறையில் அப்போது இருந்தவர்கள் யாரும் துக்கமென்றும் சொல்ல மாட்டோம், சந்தோஷமென்றும் சொல்ல மாட்டோம். பதினெட்டுத் தட்டுகளும் யார் யார் என்று தெரிந்து வீடு மாறிப் போயின. ஒரு நாளைக்கு ஒரு வீடு, பதினெட்டு நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டோம். சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கடை ரேடியோ நிற்கும், பஸ்காரர் ஹாரன் அடிக்காமல் திரும்புவார், முறைக்காரப் பெண் தலைக்குக் குளித்துப் பூ வைத்துப் பொட்டு வைத்துத் தட்டோடு வருவாள். மற்ற நாளில் வைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஊர் கண்ட வழி அது, முள் இறங்கும்போது சுமங்கலி, முள் ஏறினதும் பொட்டை அழித்துவிட வேண்டியது. தட்டு அவர்களுடைய ஆளின் பேச்சை மட்டும் பேசியதால், தங்கள் பங்கை அவர்களே பேசப் பழகிக்கொண்டார்கள். அவர் "காப்பி ஆறிப் போச்சு" என்றால் இவள் அந்த ஒரு மூச்சு இடைவெளிக்குள் "எம்புட்டு நேரமா வச்சிருக்கேன்" என்பாள். அன்று சொன்னதையே சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவருடைய பதில் பொருந்தாமல் போய்விடும். அன்றைக்கு ஏசியவர்கள் பதினெட்டு நாளுக்கு ஒரு முறை ஏசினார்கள், கண்ணீர் வழிய வழிய ஏசினார்கள்.

தாசில்தார் ஒரு நாள் ஜீப்பில் வந்து ஒரு முழுத் தட்டையும், கடைசி விரற்கடை தவிர, உட்கார்ந்து கேட்டார். நல்ல மனுஷன், கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறப்புச் சான்றிதழ் விஷயம் என்ன ஆயிற்று என்று பெண்கள் கேட்டபோது, "பேசிட்டு இருக்கறவருக்கு எப்படிம்மா நான் எழுதறது?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதென்று எங்களுக்குப் பட்டது.

இனி ஆவுடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அவள் கதை. அவள் புருஷன் சொரிமுத்து, குழியில் டிரில் போடுகிறவன். எதையும் தேடி எடுக்கத் தெரியாத ஆள், கண்ணுக்கு முன்னால் கிடக்கிற துண்டைக்கூட அவள்தான் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். அன்று மத்தியானம் அவள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். மூன்று நாளாகப் பாறை முனகுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. "இப்பவே ஏங்கூட வாங்க, ஒரு நா வேல போனாப் போட்டும்" என்று அவள் கெஞ்சினாள். மேஸ்திரி ஏசுவார் என்று அவன் மறுத்தான். பேச்சு முற்றியது. "அப்ப நான் போறேன்" என்று சொல்லித் தூக்குச்சட்டியையும் அங்கேயே போட்டுவிட்டுப் படியேறிவிட்டாள்.

போறேன் என்று. போயிட்டு வாறேன் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவர்கூட, ஜென்ம விரோதியிடம்கூட, போயிட்டு வாறேன் என்றுதான் சொல்வார். போறேன் என்று சொல்கிறவர் பாடையில் போகிறவர் மட்டும்தான், அவரும் வாயால் சொல்வதில்லை. அவள் அதைச் சொன்ன நேரத்தில் கம்ப்ரசரைப் போட்டுவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அவன் ஏதோ சொன்னது இரைச்சலுக்குள் காதில் விழுந்தது, என்னவென்று புரியவில்லை, ரோஷத்தில் அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் பாறை சரிந்தது.

போ என்று சொன்னானா, போயிட்டு வா என்று சொன்னானா? ஆவுடைக்குத் தெரிய வேண்டியது இந்த ஒன்றுதான். போ என்றால் அவள் அறுத்ததை அவனும் அறுத்துவிட்டான். போயிட்டு வா என்றால் அவள் சொல்லாமல் விட்டதை அவன் சொல்லிச் சேர்த்துவிட்டான். அந்தப் பதில் தட்டில் இருந்தது, கம்ப்ரசர் இரைச்சல் இல்லாமல், சுத்தமாக. ஆனால் அது உள்வட்டத்தில் கடைசி ஒரு விரற்கடைக்குள் இருந்தது. ஒவ்வொரு முறையும் "மேஸ்திரி ஏசுவாருட்டி, சொன்னாக் கேளு" என்ற இடத்தில் எபனேசர் முள்ளைத் தூக்கிவிடுவான். அவள் பொட்டை அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். தான் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்பதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வினை தூசி ரூபத்தில் வந்தது. சண்முகக்கனியின் முறையன்று, அவள் மகன் பேச்சு முடிந்து முள்ளைத் தூக்கியபோது, எபனேசர் அதன் நுனியை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தான். பிரஷ்ஷில் கறுப்பாக ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னதுய்யா அது?" என்றாள் சண்முகக்கனி.

"தூசி."

"ஏம்புள்ளைய அரைக்கியாய்யா?"

"யக்கா, அது ரோட்டுத் தூசிக்கா. கல் லாரி போகுதுல்லா, வீடெல்லாம் கெடக்கே, அதான்."

அவன் சொன்னது நிஜம். குருவன்பாறையில் சோற்றில்கூடக் கல் தூசிதான். ஆனால் அந்தப் பிரஷ்ஷைப் பார்த்த பிறகு யார் கேட்பார்கள்? அடுத்த நாள் சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது. சண்முகக்கனி அந்தச் சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை எல்லோரிடமும் காட்டினாள், நாங்களும் கோயில் திருநீறு வாங்குவதுபோலக் கை நீட்டி வாங்கிப் பார்த்தோம்.

"பாரம் வுழுந்துதானய்யா செத்தாவ," என்றாள். "செத்த பொறவும் அவுக மேல பாரமா? கொறைங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், கொறைங்க."

எபனேசர் எழுந்தான். "கொறைச்சா முள்ளு ஆடும்க்கா. பாரம் கம்மியா இருந்தா அது கோட்டுக்குள்ள அமராது, துள்ளும், துள்ளித் துள்ளி ரெண்டு பக்கத்துச் சொவத்தையும் இடிக்கும். கூடுனாலாவது தேயும். கொறைஞ்சா ஒடைஞ்சிரும்."

வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருவராவது அவன் பேச்சுக்குக் காது கொடுத்திருப்பார். எங்கள் ஊரில் ஏழு வயதில் தலையில் ஜல்லிக்கூடை ஏறும், சாகும்போதுதான் இறங்கும். பாரம் குறைவது எங்கேயாவது கெடுதல் ஆகுமா? முதுகு சொல்வதை நம்புவோமா, மைக்செட்காரன் சொல்வதை நம்புவோமா? கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினோம். ஆவுடையும் தூக்கினாள், தன் புருஷன் முதுகிலிருந்து ஒரு கூடையை இறக்குவதாக நினைத்துக்கொண்டு.

எபனேசர் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டிருக்க வேண்டும். ஊரோடு ஒத்துப் போகிற ஆள் அவன், குழாய் கட்டுகிறவனுக்கு ஊரைப் பகைத்தால் பிழைப்பு இல்லை. ஆசாரி தராசில் இருந்து எட்டுக் குன்றிமணியை எடுத்தார், குண்டைத் திருகி எட்டில் நிறுத்தினார்கள், எபனேசர் ரகசியமாகக் கூட்டிவிடக் கூடாதென்று குண்டின் மேல் ஆசாரியை விட்டு அரக்கு உருக்கி முத்திரையும் வைத்தோம். காசு எதையும் தலைமேல் வைக்க மாட்டேன் என்று பைபிளைத் தொட்டு அவன் சத்தியம் செய்தான்.

பிரஷ்ஷில் தூசி வருவது குறைந்தது, லேசான முள் தூசியைக்கூட வாரவில்லை. நாங்கள் பெருமைப்பட்டோம். முதலில் போனது சிரிப்பு. கல்லுடைக்கிறவர்கள் சிரித்தால் எட்டு வீட்டுக்குக் கேட்கும், அவ்வளவு பெரிய சத்தம் வரும் இடத்தில் லேசான முள்ளால் நிலைகொள்ள முடியவில்லை. அடுத்தது கூப்பாடு. அதற்கடுத்தது, தூரத்தில் நிற்கிற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. உரக்கச் சொன்னதெல்லாம் உடைந்து, முணுமுணுத்தது மட்டும் மிஞ்சியது. தங்கள் பங்கைப் பேச வந்த பெண்கள் எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் அந்தரத்தில் பதில் சொன்னார்கள். அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. "அடங்கிட்டாவ," என்றோம். "மொதல்ல துடிச்சாவ, இப்ப ஆத்துமா அடங்கிட்டு." எபனேசர் ஒவ்வொரு நாளும் அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு, பிளேயர் பக்கம் பார்க்காமல், ஒயரை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருப்பான்.

அப்படியே ஐந்தாறு சுற்று போனது. ஆவுடையின் முறை வந்த அன்று சொரிமுத்து "ஆவுடை, அந்தத் துண்ட எங்க?" என்று கேட்க வேண்டிய இடத்தில், "வுடை, ந்த, ங்க" என்றான். அவள் வழக்கம்போல "கண்ணு முன்னாலதான கெடக்கு" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திவிட்டாள். எந்தத் துண்டு? எதற்குப் பதில்? நாங்கள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து, முள்ளைத் தானே தூக்கினாள்.

"அண்ணாச்சி, எனக்குக் கடைசி விரக்கட வேணும்."

"ஊர்க் கட்டு இருக்கு, தங்கச்சி."

"நான் அவுகட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

வாசலில் நின்ற எங்களில் ஒருத்தி "அடிப் பாவி" என்றாள். ஆவுடை திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன பதில் சொன்னாவன்னு எனக்குத் தெரியல. அது அதுலதான் இருக்கு. அந்த எடத்துல மட்டும் முள்ளே படல, அதாச்சும் முழுசா இருக்கும்லா?"

எபனேசர் தட்டைச் சாய்த்து உள்வட்டத்தைப் பார்த்தான். "முழுசா இருக்கும்," என்றான். "ஆனா இந்த எட்டுல போட்டா ஒரே தடவைல போயிரும். உள்வட்டம் நெருக்கம், அங்கனதான் முள்ளு ரொம்பத் துள்ளும். பதினாறு வேணும். குண்டுல அரக்கு இருக்கு. காசு வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

"காசு வேண்டாம்," என்றாள் ஆவுடை.

கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றை முன்னால் இழுத்தாள். அதுவரை புருஷனைப் பறிகொடுத்தவர்களில் ஒருத்தியும் தாலியைக் கழற்றவில்லை, பேசுகிற புருஷனுக்கு எப்படிக் கழற்றுவது? முடிச்சை அவிழ்க்க அவளால் முடியவில்லை. டீக்கடைக்காரர் மகள் யாரும் சொல்லாமலே பால் கவர் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள். கயிறு அறுந்தது. ஆவுடை பொட்டுத்தாலியை உருவி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

ஆசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தராசோடு வந்தார். அவருக்குத் தராசே தேவைப்படவில்லை. "எட்டுக் குன்றிமணி," என்றார். "நாந்தான் பண்ணிக் குடுத்தேன்." இருந்தாலும் வைத்துப் பார்த்தார். முள்ளின் தலைமேல் தாலியை மெழுகு தடவி ஒட்டி, தராசில் உட்காரவைத்து, மறுபக்கம் பதினாறையும் போட்டதும் தராசு முள் நட்டுக்கு நின்றது. ஆசாரி சண்முகக்கனியைப் பார்த்தார். அவள்தான் ஊர்க் கட்டுக்குக் காரணம், அவள்தான் தடுக்க வேண்டும். சண்முகக்கனி தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

எபனேசர் கடைசி விரற்கடைக்குச் சற்று முன்னால் முள்ளை இறக்கினான்.

"மேஸ்திரி ஏசுவாருட்டி, சொன்னாக் கேளு," என்றான் சொரிமுத்து. தணிந்த குரலில் சொன்னதால் எட்டிலும் உடையாமல் மிஞ்சிய வாக்கியம் அது. அந்த ஒரு மூச்சு இடைவெளி வந்தது. மாற்றிச் சொல்ல அவளுக்கு அது ஒன்றுதான் இடம். நாங்கள் அவள் வாயைப் பார்த்தோம். போயிட்டு வாறேன் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தோம், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"அப்ப நான் போறேன்," என்றாள் ஆவுடை. சொன்னதோடு, அன்றைக்குப் போலவே எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"ஏட்டி, நில்லு," என்றான் சொரிமுத்து. "நில்லுட்டி, நானும் வாறேன்."

அவள் நின்றாள். கால் தூக்கினது தூக்கினபடி நின்றாள். போ என்றோ போயிட்டு வா என்றோ இரண்டில் ஒன்றுக்குத் தன்னைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தவள், இந்த மூன்றாவதற்குத் தயாராக இல்லை.

"கேக்கலயா அவளுக்கு? ஏ ஆவுடை! போறாளே," என்றது தட்டு. பிறகு யாரிடமோ, "ஏலே, மேஸ்திரிட்ட சொல்லிரு, நான் கெளம்புதேன். அவ சொல்லுததும் சரிதான்." பிறகு, "நீங்களும் வாங்கலே." பிறகு, "தூக்குச்சட்டிய வேற வச்சிட்டுப் போயிட்டா. எங்க வச்சா?" பிறகு தனக்குத்தானே, "இங்கனதான வச்சா, எங்கயோ வச்சிட்டு..." அவள் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. கண்ணு முன்னாலதான கெடக்கு என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"இந்தா இருக்கு," என்றான் சொரிமுத்து.

அவ்வளவுதான். அலறல் இல்லை, நாங்கள் இத்தனை மாதம் பயந்த எதுவும் இல்லை. முள் வெறும் வட்டத்தில் போய் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது, டக், டக் என்று, தலைமேல் தாலியோடு. எபனேசர் தூக்கவில்லை. ஆவுடை, அவன் நில்லு என்று சொன்ன இடத்திலேயே, கரண்ட் போய்த் தட்டு தானாக நிற்கும்வரை நின்றாள். அப்புறம் பொட்டை அழித்தாள். அன்றோடு அவள் திரும்ப வைக்கவில்லை.

மறுநாள் முறைக்காரி அல்லாத சண்முகக்கனி வந்து கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டுல கெடுத்ததெல்லாம் பதினாறுல திரும்பி வருமாய்யா?" என்று கேட்டாள். வராது என்றான் எபனேசர். உடைந்த சுவருக்குள் சரியான முள் போனாலும் உடைசல்தான் கேட்கும். பதினேழு தட்டிலும் பழுதில்லாமல் மிஞ்சியிருந்தது நாங்கள் பயந்து தொடாமல் விட்ட அந்த ஒரு விரற்கடை மட்டும்தான். எங்கள் பிள்ளைகளையும் புருஷன்மாரையும் முழுக்குரலில் கேட்க வேண்டுமென்றால், இனி அவர்கள் சாகிறதைத்தான் கேட்க வேண்டும். இதை நாங்களே எங்கள் கையைத் தூக்கிச் செய்தோம்.

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஆவுடையின் தாலிதான் பதினேழு பேருக்கும் பாரம். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சிலது அலறியது. சிலது பாதி வார்த்தையில் நின்றது. சண்முகக்கனியின் மகன் கடைசியாக "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டிருந்தான். அவள் அன்றிலிருந்து தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோய், நூற்றிருபது அடி தண்ணீர் நிற்கிற அந்தக் குழிக்குள் ஊற்றிவிட்டு வருகிறாள். யாரும் அவளைத் தடுப்பதில்லை. தாசில்தார் வந்து பத்தொன்பது சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார், கொம்பையாவுக்கும் சேர்த்து. அவனுடையதை வாங்க ஆளில்லாததால் எபனேசர் வாங்கி அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டான்.

கடைசியில் தட்டுகளைக் குழிக்குள் படியிறங்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டோம். வரும்போது மிதந்து வந்தவை, இந்த முறை விட்ட இடத்திலேயே அமிழ்ந்தன. ஆவுடை சொரிமுத்துவைக் கடைசியாக விட்டாள், கூடவே அந்தத் தாலியையும். "போயிட்டு வாறேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு எங்களோடு படியேறினாள். பாதி ஏறியதும், அன்று நிற்காமல் போன படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்து வெகுநேரம் ஆகியும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.